அரைப்பேர் வேறு, அரைநாள் வேறு

(மாதர், இளைஞர் அணிகளின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர், சங்க அமைப்பாளர்.)



இன்று எங்களைச் சம்பளத்தைப் பற்றியோ வீட்டுக் காணியைப் பற்றியோ பேச அழைக்கவில்லை. நாம் பேசுகிற பேச்சைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "சம்பளப் பிரச்சினை தலைக்கு மேல நிக்கிது, இப்ப இதுவா முக்கியம்?" என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அந்த அண்ணனுக்காகச் சம்பளத்திலிருந்தே தொடங்குகிறோம்.

சில காலத்துக்கு முன்பு ஒரு தோட்டத்துப் பெரியம்மா நமது கிளை அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மழை மாதத்தில் 15 நாட்கள் அவருக்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள். இங்கே இருக்கிற எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். காலையில் பெரட்டுக்குப் போய், கடைசி நிறுவை முடியும்வரை மலையில் நின்றிருக்கிறார். தோட்டம் கேட்ட கிலோ வரவில்லை. கொழுந்து இல்லாத மலையில் கிலோ எங்கிருந்து வரும்? செக்ரோலில் அரைப்பேர் விழுந்துவிட்டது.

முறைப்பாட்டுக் கடிதத்தை நாங்கள்தான் எழுதினோம். படித்தவர்கள் அல்லவா? 'அரைப்பேர்' என்ற சொல் ஒரு கடிதத்தில் எழுதத் தகுந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. லயத்துப் பேச்சாகப் பட்டது. ஆகவே, "பதினைந்து நாட்களுக்கு அரைநாள் வேலைக்குரிய சம்பளமே வழங்கப்பட்டுள்ளது" என்று எழுதினோம். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. பெரியம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பதில் வந்தது. அரைநாள் வேலை செய்தவருக்கு அரைநாள் சம்பளம் கொடுத்திருப்பது முறைதானே, இதில் முறைப்பாடு எங்கே இருக்கிறது என்பது அதன் சாரம். அதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

"தம்பி, நா அரநாளு வேல செஞ்சேன்னு ஒங்ககிட்ட எப்ப சொன்னேன்? முழு நாளும் மலையிலதான் நின்னேன். பேருதான் அரப்பேரு."

அந்த இடத்தில் எங்களுக்கு முகம் வைக்க இடமில்லை. அரைநாள் என்பது நேரக் கணக்கு. அரைப்பேர் என்பது முழு நேரமும் வேலை வாங்கிக்கொண்டு பாதிப் பெயரை எழுதுவது. அந்த அநியாயம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, நிர்வாகத்துக்கு வசதியான சொல்லை நாங்களே எங்கள் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். 'அரைப்பேர்' என்ற சொல்லை அப்படியே போட்டு, அதன் கீழே அது என்னவென்று நான்கு வரியில் விளக்கினோம். விசாரணைக்கு எடுத்தார்கள். 15 நாட்களில் 9 நாட்களுக்கு மீதிப் பணம் கிடைத்தது. மற்ற ஆறு நாட்கள் போனது போனதுதான். முதற் கடிதமே சரியாக இருந்திருந்தால் அந்த ஆறும் வந்திருக்குமா என்ற கேள்வி எங்களை இன்னும் விடவில்லை.

1000 ரூபாய் சம்பளம் 2021 இல் வர்த்தமானியில் வந்த பிறகு, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டியதும் அரைப்பேர் பெருகியதும் உங்களுக்குத் தெரியாத கதை அல்ல. ஆகவே, பின்வரிசை அண்ணனே, இது சம்பளப் பிரச்சினையும்தான்.

'அரைப்பேர்' என்று எழுத எங்களுக்கு ஏன் கூசியது? இதைத்தான் யோசித்துப் பார்த்தோம். அந்தக் கூச்சம் பிறக்கும்போது கூடவே வந்தது அல்ல. எங்களுக்கு அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள். பிறகு நாங்கள் ஆசிரியர்களாகி, அதே கூச்சத்தை அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

ஒரு வகுப்பில் நடந்தது. மூன்றாம் தரத்துப் பிள்ளை எழுந்து நின்று பாடம் வாசித்தாள். 'கொழுந்து' என்று இருந்ததைக் 'கொளுந்து' என்று வாசித்தாள். வகுப்பாசிரியர் நிறுத்தி, நாக்கை மடித்துக் காட்டி, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் கொளுந்து. நான்கு முறை. ஐந்தாவது முறை வகுப்பே சிரித்தது. அந்தத் தவணை முடியும்வரை அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவளுடைய அம்மா எடுக்கிற கொழுந்து அது. அந்தச் சொல்லை அந்த வகுப்பில் அவளைவிடத் தெரிந்தவர்கள் யார்? இத்தனைக்கும், ழகரத்தை ளகரமாகச் சொல்வது நமக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. யாழ்ப்பாணத்துச் சாதாரணப் பேச்சிலும் 'வாளைப்பளம்'தான். அங்கே அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை. நம் பிள்ளை சொன்னால் மட்டும் அது தோட்டத்துப் பிள்ளையின் குறையாகிவிடுகிறது. வகுப்பாசிரியரையும் திட்டிப் பயனில்லை. அவரும் ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்து, அதே சிரிப்பைக் கேட்டவர்தான்.

நம் பேச்சைக் 'கலப்புத் தமிழ்' என்கிறார்கள். கலந்துதான் இருக்கிறது. எப்படிக் கலந்தது என்று பார்த்தால் நம்முடைய வரலாறே அதில் வரும்.

திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலி, ஆற்காடு என்று பல திசைகளிலிருந்து நம் முன்னோர்கள் வந்தார்கள். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் பேச்சை ஒருவர் கேலி செய்திருப்பார்கள். இங்கே ஒரே லயத்தில் பத்துக் காம்பராவில் அடுத்தடுத்து அடைத்துவிட்டார்கள். ஒருவர் சட்டியிலிருந்து இன்னொருவர் சட்டிக்குக் குழம்பு போனது போல் சொல்லும் போனது. மூன்று நான்கு தலைமுறையில் எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லாத, நமக்கு மட்டுமே சொந்தமான ஒரு பேச்சு உண்டாகிவிட்டது.

அதற்கு மேல் வேலை வந்து ஏறியது. வெள்ளைக்காரன் ஆட்களை வரிசையில் நிறுத்திய 'பரேட்' நம் வாயில் 'பெரட்டு' ஆனது. 'லைன்' லயமானது. 'கொன்ட்ராக்ட்' கொந்தரப்பு ஆனது. கொழுந்து நிறுக்கிற மடுவம் சிங்களத்திலிருந்து வந்தது. இஸ்தோப்பு ஒல்லாந்தருடைய சொல், சிங்களம் வழியாக நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. காம்பரா போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் குடியிருந்துகொண்டு மூன்று ஐரோப்பிய மொழிகளை வைத்திருக்கிறோம், இதற்கு வாடகை எதுவும் கேட்காமல் விட்டார்களே!

கவ்வாத்து என்பதைப் பாருங்கள். நாம் வெட்டுகிற கவ்வாத்து. இதைப் புரியாத தோட்டத்துச் சொல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மல்லிகைச் செடிக்கும் திராட்சைக் கொடிக்கும் கவாத்து செய்கிறோம் என்றுதான் விவசாயிகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அங்கே விவசாயப் புத்தகத்தில் அச்சாகிற சொல் இங்கே கொச்சையாகிவிட்டது.

போன சொற்களும் உண்டு. கண்காணிக்கிறவன் கங்காணி. அந்தச் சொல்லை வெள்ளைக்காரன் மொழிபெயர்க்க முடியாமல் அப்படியே ஆங்கிலச் சட்டத்தில் எழுதினான். தொழிலாளியின் கடனை எழுதி, அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறை இருந்ததே, அதுவும் 'துண்டு' என்றே அரசாங்கப் பத்திரங்களில் இருக்கிறது. 1921 இல் சட்டம் போட்டு அதை ஒழித்தபோதும் அதே பெயரைச் சொல்லித்தான் ஒழித்தார்கள். துண்டு முறையை ஆங்கிலச் சட்டம் நம் சொல்லால் எழுதியிருக்கும்போது, அரைப்பேரைத் தமிழ்க் கடிதத்தில் எழுத நாங்கள் வெட்கப்பட்டிருக்கிறோம்.

பத்திரிகைகளில் 'தேயிலை பறிக்கும் பெண்கள்' என்று எழுதுவார்கள். நாம் கொழுந்து எடுக்கிறோம். இரண்டும் ஒன்று அல்ல. முத்தல் இலையைப் பறித்துக் கூடையில் போட்டால் மடுவத்தில் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். மட்டக்கம்பு, வாது, படங்கு, பீலி, மேட்டு லயம், பணிய லயம், கைக்காசு, பிள்ளைக்காம்பரா என்று ஒவ்வொரு சொல்லும் ஓர் இடத்தையோ ஒரு வேலையையோ ஒரு கணக்கையோ மிகச் சரியாகக் காட்டுகிறது. இவற்றுக்குப் பதிலாக நல்ல தமிழில் ஒரு சொல் தாருங்கள் என்றால் அகராதி எழுதினவர்களும் யோசிக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது வடக்கு, கிழக்குத் தோழர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்வியியற் கல்லூரி விடுதியில் எங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த நண்பர்கள் தங்கியிருந்தார்கள். ஒரு நாள் யாழ்ப்பாணத்து நண்பர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டோம். "அம்மா பேசினவா" என்றார். அம்மா தொலைபேசியில் பேசியதற்கு ஏன் இந்த மனுசன் இப்படி வாடிப்போயிருக்கிறான் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அங்கே பேசுவது என்றால் ஏசுவது. நாம் பேசுவதை அவர்கள் 'கதைக்கிறது' என்பார்கள். மட்டக்களப்பு நண்பர் எதைச் சொன்னாலும் 'மறுகா', 'மறுகா' என்று தொடருவார். நாம் 'பெறகு' என்போம். முதல் மாதம் முழுவதும் ஒருவரை ஒருவர் கேலி செய்தே கழிந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். அவர்கள் இருவரும் கேலியைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தங்கள் பேச்சையே பேசினார்கள். நாங்கள் மட்டும் இரண்டாம் மாதத்தில் 'ஆமாங்க' என்பதை விட்டுவிட்டு 'ஓம்' என்று சொல்லப் பழகியிருந்தோம். யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. நாங்களாகவே மாறினோம்.

விளங்காமல் போவதில் சிரிப்பு மட்டும் இல்லை. கூடை சுமந்து சுமந்து இடுப்பு ஒடிந்த ஒரு அக்கா ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வடக்கிலிருந்து வந்த இளம் வைத்தியர், நல்ல மனுசன், தமிழில்தான் கேட்டார்: "நாரி நோகுதோ?" அக்காவுக்கு நாரி என்றால் என்னவென்று தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "இல்லங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்கு இருந்ததெல்லாம் குறுக்கு வலிதான். நாரியும் குறுக்கும் ஒரே இடம். இருவருமே தமிழர். இரண்டு வில்லையோடு அனுப்பி வைத்துவிட்டார்கள். "எனக்குக் குறுக்கு வலிக்குதுங்க" என்று அவர் தன் சொல்லில் சொல்லி, விளங்காவிட்டால் கையை வைத்துக் காட்டியிருக்கலாம். அந்தத் துணிவைத்தான் பல வருடமாக உரித்து எடுத்துவிட்டார்கள்.

கொழும்புக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளைப் பற்றி இங்கே உள்ள தாய்மார்களுக்கு அதிகம் தெரியும். புடைவைக் கடையில் நிற்கிற ஒரு தங்கச்சி எங்களிடம் சொன்னாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் 'கண்டி' என்று சொல்வாளாம். வீட்டிலிருந்து அம்மா அழைத்தால் கடைக்குப் பின்னால் போய், வாயைப் பொத்திக்கொண்டு பேசுவாளாம். "நம்ம பேச்சு வந்துட்டா தோட்டம்னு கண்டுபுடிச்சிருவாங்க சேர். அப்பறம் சம்பளமும் தோட்டக் கணக்குலதான் குடுப்பாங்க." இதில் அவள் கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அவள் மறைப்பது பேச்சை மட்டும் அல்ல. தோட்டத்துப் பிள்ளை என்றால் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்று முதலாளி நினைப்பான் என்று அவளுக்குத் தெரியும். 'தோட்டக்காட்டான்' என்ற வசைக்குப் பின்னால் ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது. அந்தத் தங்கச்சியைப் பார்த்து 'பெருமையாகப் பேசு' என்று இந்த மேடையிலிருந்து புத்தி சொல்ல எங்களுக்கு மனமில்லை. கடைச் சிப்பந்திகளைச் சங்கத்தில் சேர்க்க முடியுமா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

பேச்சை மறைத்து உயிர் தப்பியவர்களும் நம்மில் உண்டு. 1983 ஜூலையில் வாளிக்குச் சிங்களத்தில் உள்ள 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லச் சொல்லி, முதலெழுத்து எப்படி விழுகிறது என்று பார்த்து ஆளைப் பிரித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அதனால் சில வீடுகளில் பிள்ளைகள் வெளியில் சத்தமாகப் பேசினாலே அப்பா அம்மா அதட்டுவது இன்றைக்கும் உண்டு. அந்தப் பயத்தை நாம் குறைத்துப் பேச முடியாது.

போனவர்களின் கதை இன்னொரு மாதிரி. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பது என்றும் கணக்குப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும், மறுபடி தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். இங்கே இருந்தவரை 'இந்தியாக்காரன்'. அங்கே போய் வாயைத் திறந்ததும் 'சிலோன்காரன்'. பேச்சுத்தான் காட்டிக் கொடுத்தது. அங்கேயுள்ள உறவுகளோடு இப்போது வட்ஸ்அப்பில் பேசுகிறோம். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் 'தேத்தண்ணி', 'காம்பரா' என்கிறார்கள். நாம் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பேச்சு என்றால் அங்கே போனதும் அது கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. அது இந்த மலையில் முளைத்த பேச்சு. 2023 இல் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது 'நாங்கள் இந்த நாட்டு மக்கள்' என்று சொன்னோம். அதற்கு ஒரு சாட்சி நம் வாயிலேயே இருக்கிறது.

இப்போது நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடையில் ஏறினால் சங்கக்காரர்கள் நாங்களும் வேறு தமிழ் பேசுகிறோம். கீழே இருக்கும்போது 'அரப்பேரு', மைக்கைப் பிடித்ததும் 'உழைக்கும் வர்க்கத்தின் வியர்வைத் துளிகள்'. இன்றைக்கும் கொஞ்சம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1931 இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மாளும் வேறு வழி வைத்திருந்தார்கள். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் ஐயர் புடைவை வியாபாரியோடு வியாபாரியாக உள்ளே போனார் என்று சொல்வார்கள். மீனாட்சி அம்மாள் சனங்களுக்குத் தெரிந்த மெட்டில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் பாட்டைக் கேட்டுச் சங்கத்தைப் புரிந்துகொண்டார்கள். பிறகு சி. வி. வேலுப்பிள்ளை வந்தார். 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். தொழிற்சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போனபோது, தாலாட்டையும் ஒப்பாரியையும் மலையில் பாடிய பாட்டையும் சனங்கள் சொன்னபடியே எழுதிச் சேர்த்தார். அவர் ஆங்கிலத்தில் கவிதை எழுதிய மனிதர். லயத்துப் பேச்சை எழுத அவருக்குக் கூசவில்லை. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதைகளில் வருகிறவர்கள் நம்மைப் போலத்தான் பேசுகிறார்கள். பாடசாலை நூலகத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். தங்கள் வீட்டுப் பேச்சு அச்சில் வருவதைப் பார்த்து அவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அதற்காக நம் பேச்சில் இருப்பதெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டியவை என்று நாங்கள் சொல்லவில்லை. 'சலாங்க தொரை', 'சாமி' என்று குனிந்து சொன்னதும் நம் பேச்சுத்தான். அதைச் சங்கம் வந்து ஒழித்தது, நல்லது. சாதியைச் சொல்லி ஒருவரைக் கூப்பிடும் சொற்கள் இன்னும் லயத்தில் இருக்கின்றன. கலியாணம், சாவு என்று வந்தால் அவை வெளியில் வருகின்றன. அவை நமக்கு வேண்டாம். அம்மா வயதுள்ளவரை மேற்பார்வைக்கு நிற்கிற பையன் 'ஏய், வாடி, போடி' என்பதும் தோட்டத்துப் பேச்சு என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அது பேச்சு வழக்கு அல்ல, அதிகாரம். மரியாதையாக விளிக்க வேண்டும் என்பதைப் பல தோட்டங்களில் கோரிக்கையாகவே வைக்க வேண்டியிருக்கிறது. 'வாங்க', 'சொல்லுங்க' என்று வயதில் சின்னவருக்கும் மரியாதை வைத்துப் பேசுகிற பழக்கம் நம்மிடம் இருக்கும்போது, இதைக் கேட்பதற்கு வேறு இலக்கணம் தேவையில்லை.

பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தமிழ் வேண்டாமா என்று பெற்றோர் கேட்பீர்கள். வேண்டும். சாதாரண தரத்தில் 'அரப்பேரு' என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. சிங்களமும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். நாங்கள் சொல்வது சின்ன விசயம். வீட்டுப் பேச்சைச் சிரித்து அடக்கிவிட்டு அதன் மேல் பாடப்புத்தகத் தமிழைக் கட்ட முடியாது. அந்த மூன்றாம் தரத்துப் பிள்ளைக்கு மறு தவணையில் வேறொரு வேலை கொடுத்தார்கள். அம்மா காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்கிறாள் என்று வகுப்புக்குச் சொல்ல வேண்டும். தலைக்கயிறு கட்டுவதில் தொடங்கி நிறுவைவரை இருபது நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள். பிறகு அதையே எழுதச் சொன்னதும் எழுதினாள். 'கொழுந்து' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். வாசிக்கும்போது இன்னும் கொளுந்துதான். நாங்கள் திருத்தவில்லை.

கிளைகளுக்கு மூன்று விசயம் சொல்ல வேண்டும்.

முறைப்பாடு எழுதும்போது முதலில் அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். திணைக்களத்துக்கு விளங்காத சொல்லாக இருந்தால் கீழே விளக்கம் போடுங்கள், சொல்லை மாற்றாதீர்கள். எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டி, 'நீங்கள் சொன்னது இதுதானா' என்று கேட்ட பிறகு கையெழுத்து வாங்குங்கள். இ.பி.எப். படிவமானாலும் இதே முறைதான்.

கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது அவர் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது, குறுக்கே திருத்தக் கூடாது. முக்கியமாகத் தலைவர்கள். பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை என்று நாம் அடிக்கடி குறைப்படுகிறோம். மலையில் அவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டவர்களுக்கு, அவர்களுக்குப் பேசத் தெரியாது என்று சொல்ல வாய் வராது.

மூன்றாவது, இளைஞர் அணிக்கு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் வாசல் பலகையில் ஒரு பெயர் இருக்கும், பல இடங்களில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த பெயர். நம் பெரியவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். கங்காணி பெயரால், மரத்தின் பெயரால், பாறையின் பெயரால் வைத்தது. ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு பீலிக்கும் அப்படிப் பெயர் உண்டு. அவை எந்த வரைபடத்திலும் இல்லை. அறுபது, எழுபது வயதுக்காரர்களிடம் உட்கார்ந்து அவற்றையும், வேலைச் சொற்களையும், அந்தச் சொல்லால் என்ன கணக்கு நடந்தது என்பதையும் எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சொன்னவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதுங்கள். எந்தத் தோட்டம் என்பதை மேலே போடுங்கள், ஏனென்றால் பதுளைப் பக்கம் சொல்வதும் டிக்கோயாவில் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

தோட்டத்துக்கு ஒன்று என்று கொப்பிகள் வாங்கி வைத்திருக்கிறோம். கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. அடுத்த மாதம் சந்தாக் கணக்குக் கொண்டுவரும்போது அதையும் கொண்டுவாருங்கள். அரைப்பேர் பெரியம்மா ஏற்கனவே ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டார். எழுதுவதற்குப் பேத்தியைக் கூட்டி வந்திருக்கிறார்.